க்யூஆர் அட்டையைக் கழற்றிவிடலாமா? பால், பெட்டிக்கடை, ஜிஎஸ்டி வரம்பு

ராயக்கோட்டை_கடை:
எல்லோருக்கும் வணக்கம். ராயக்கோட்டையில் பால் பாக்கெட்டும் பெட்டிக்கடையும் சேர்த்து நடத்துகிறேன். முன்பு மாமனார் பெயரில் இருந்தது. 2025 ஏப்ரலில் இருந்து என் பெயரில், என் பான் எண்ணில் நடக்கிறது.

2025 ஜூலையில் கர்நாடகாவில் யுபிஐ வரவைப் பார்த்து டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடைக்காரர்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது தெரியும். அப்போது பெங்களூரில் பல கடைகளில் ‘யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்’ என்று ஒட்டிவிட்டார்கள். அதைப் பார்த்ததில் இருந்து மனசு சரியில்லை. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை என் கணக்கில் யுபிஐ வரவு 24 லட்சம். அதில் சீட்டுப் பணமும் துபாயில் இருந்து தம்பி வீட்டுச் செலவுக்கு அனுப்பியதும் 2 லட்சத்துக்கு மேல் இருக்கும். பாலுக்கு வரி இல்லை, ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 40 லட்சம் என்கிறார்கள். அப்படியானால் எனக்குப் பிரச்சினை இல்லைதானே? இல்லை, இப்போதே க்யூஆர் அட்டையையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிடுவது நல்லதா?

காரிமங்கலம்_மளிகை:
கழற்றிவிடுங்கள் அண்ணா. ரொக்கத்துக்குக் கணக்கு ஏது? ரொம்பக் கஷ்டம் என்றால் இரண்டாவது க்யூஆர் ஒன்று அண்ணி பெயரில் வாங்கி வையுங்கள். பாதி அதில் போகட்டும், பாதி இதில் வரட்டும். ரெண்டு பேருக்கும் 40 லட்சம், 40 லட்சம். எங்கள் பக்கம் நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

தர்மபுரி_கணக்கர்:
காரிமங்கலம் தம்பி சொன்னதைச் செய்ய வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கடை ஒன்று, சரக்கு ஒன்று, கல்லாவில் உட்காருவதும் ஒரே ஆள். பணத்தை மட்டும் இரண்டு பெயரில் வாங்கினால் வியாபாரம் இரண்டாகிவிடாது. விசாரணை என்று வந்தால் இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ‘தெரியாமல் விட்டுவிட்டேன்’ என்று சொல்ல இருக்கும் இடமும் அப்போது போய்விடும். வேண்டுமென்றே மறைத்ததாக எழுதினால் அபராதம் வரித் தொகை அளவுக்கே வரும். வீட்டுக்காரம்மாவையும் தேவையில்லாமல் வழக்கில் இழுத்துவிட்டதாகிவிடும்.

ரொக்கமாக வாங்கினாலும் விற்பனை விற்பனைதான். பிஸ்கட் ஏஜென்சி, சோப்பு ஏஜென்சி, பால் ஏஜென்ட் எல்லோருடைய புத்தகத்திலும் உங்கள் கடைக்கு எவ்வளவு சரக்கு போட்டார்கள் என்று இருக்கும். அதை வைத்து உங்கள் விற்பனையைக் கணக்குப் போடுவது அரை மணி நேர வேலை.

ராயக்கோட்டை அண்ணா, சட்டம் பார்ப்பது உங்கள் மொத்த விற்பனையை. யுபிஐ அதில் ஒரு தடயம் மட்டும்தான். சீட்டுப் பணமும் தம்பி அனுப்பியதும் விற்பனை இல்லை, கழித்துவிடலாம். ஆனால் ரொக்க விற்பனையைக் கூட்டியாக வேண்டும். ஆகவே 24 லட்சம் என்ற எண் இந்தப் பக்கமும் உதவாது, அந்தப் பக்கமும் உதவாது. இதை மட்டும் சொல்லுங்கள்: ஒரு நாளைக்குப் பால் எவ்வளவு, மற்றது எவ்வளவு? தயிர் பாக்கெட் விற்கிறீர்களா? பீடி, சிகரெட், ஐஸ்கிரீம் இருக்கிறதா? மாடியையோ பக்கத்து அறையையோ வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா?

ராயக்கோட்டை_கடை:
பால் ஒரு நாளைக்குச் சுமார் 7,500 ரூபாய்க்கு ஓடும். மற்றது எல்லாம் சேர்த்து 4,000. அதில் தயிர் பாக்கெட், பிஸ்கட், கூல்டிரிங்ஸ், சோப்பு, ஷாம்பு, பீடி, சிகரெட் எல்லாம் அடக்கம். பீடி சிகரெட் மட்டும் 1,200 வரும். ஐஸ்கிரீம் இல்லை. வாடகைக்கு எதுவும் விடவில்லை, கடையே வாடகைக் கடைதான்.

தர்மபுரி_கணக்கர்:
சரி, இப்போது கணக்கைப் பார்க்கலாம். பொறுமையாகப் படியுங்கள். பெட்டிக்கடை வைத்திருப்பவர்களில் நிறைய பேர் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இங்கேதான்.

பால் வரிவிலக்குப் பொருள். உண்மை. ஒருவர் வரிவிலக்குப் பொருளை மட்டுமே விற்றால், அது ஒரு கோடியே ஆனாலும், பதிவு எடுக்க வேண்டியதில்லை. பால் மட்டும் விற்கும் பூத், பச்சைக் காய்கறி மட்டும் விற்கும் கடை எல்லாம் இதில் வரும். கர்நாடகாவில் காய்கறிக்காரர்கள் கேட்டதும் இதைத்தான்.

ஆனால் பாலோடு ஒரு பிஸ்கட் பாக்கெட் விற்றாலும் நீங்கள் அந்த விலக்கை விட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். அதன் பிறகு வரம்பைத் தாண்டினீர்களா என்று பார்க்கும்போது பால் விற்பனையும் சேரும். பாலுக்கு வரி போட மாட்டார்கள், ஆனால் வரம்பை எண்ணும்போது பாலையும் எண்ணுவார்கள். உங்களுக்கு மொத்தம் நாளைக்கு 11,500. வருடத்துக்குச் சுமார் 42 லட்சம். ஆகவே 40 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் மார்ச் மாதம் தாண்டிவிடும்.

அடுத்தது இதைவிட முக்கியம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவர்களுக்கு 40 லட்சம், சேவை செய்பவர்களுக்கு 20 லட்சம். இந்த 40 லட்சம் சலுகை எல்லாச் சரக்குக்கும் கிடையாது. புகையிலைப் பொருட்கள், பான் மசாலா, ஐஸ்கிரீம் விற்பவர்களுக்கு 20 லட்சம்தான். பின்னால் செங்கல், சாம்பல் கல், மண் ஓடு ஆகியவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். நீங்கள் விற்பது நாளைக்கு 1,200 ரூபாய்க்குத்தான் என்றாலும் பீடியும் சிகரெட்டும் கடையில் இருப்பதால் உங்கள் வரம்பு 20 லட்சம். அப்படிப் பார்த்தால் செப்டம்பர் மாதமே தாண்டியாகிவிட்டது. தாண்டிய நாளில் இருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

வாடகை ஏன் கேட்டேன் என்றால், கடையோடு சேர்த்து ஒரு அறையை வாடகைக்கு விட்டாலும் அது சேவை. ‘சரக்கு மட்டும்’ என்ற நிபந்தனை போய்விடும், வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். டெபாசிட், கடன் வட்டிக்கு மட்டும் அதில் விதிவிலக்கு உண்டு.

பர்கூர்_ஜவுளி:
இவ்வளவு நாள் பீடி விஷயம் எனக்கே தெரியாது. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

ராயக்கோட்டை_கடை:
கணக்கர் சார், படித்ததும் கை கால் ஓடவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு லட்சக்கணக்கில் கேட்டார்களே. எனக்கும் அப்படி வருமா? பால் பாக்கெட்டுக்கு எனக்கு நிற்பதே சில்லறைக் காசு.

தர்மபுரி_கணக்கர்:
பயப்படாதீர்கள் அண்ணா. நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

உங்கள் மாதிரி கடைக்குத்தான் இணக்க வரித் திட்டம் இருக்கிறது. எல்லோரும் ‘காம்போசிஷன்’ என்றே சொல்வார்கள். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை இதில் சேரலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு 1 சதவீதம். அந்த 1 சதவீதமும் வரி உள்ள பொருட்களின் விற்பனைக்கு மட்டும்தான், பாலுக்கு இல்லை. (பொருளைத் தயாரிப்பவராக இருந்தால் மொத்த விற்பனைக்கும் 1 சதவீதம், ஓட்டலுக்கு 5 சதவீதம். அது வேறு கணக்கு.) பீடி, சிகரெட் தயாரிப்பவர் இதில் சேர முடியாது, வாங்கி விற்பவர் சேரலாம்.

உங்களுக்கு வரி உள்ள விற்பனை நாளைக்கு 4,000, வருடத்துக்கு 14.6 லட்சம். அதில் 1 சதவீதம் 14,600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 3,650 ரூபாய் அளவில் கட்டுவீர்கள். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் சிஎம்பி-08 என்ற படிவத்தில் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஜிஎஸ்டிஆர்-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம், ஜூன் 30-க்குள். அவ்வளவுதான்.

இதில் கட்டுப்பாடுகளும் உண்டு. வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கும் சரக்கில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. உங்களுக்கு இது புதிதல்ல, இப்போதும் எம்ஆர்பிக்குத்தான் விற்கிறீர்கள், ஏஜென்சி பில்லில் உள்ள வரி உங்கள் அடக்க விலையில்தான் இருக்கிறது. வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பவும் முடியாது.

இனி, செப்டம்பரில் தாண்டியதில் இருந்து பதிவு கிடைக்கும் நாள் வரை உள்ள இடைவெளி. அதற்கு 1 சதவீத சலுகை பொருந்தாது, அந்தந்தப் பொருளின் சாதாரண வீதம்தான். பிஸ்கட், சோப்பு, ஷாம்பு எல்லாம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன, தயிர் பாக்கெட்டும் 5. கூல்டிரிங்ஸுக்கும் சிகரெட்டுக்கும் அதிகம். வருடத்துக்கு 18 சதவீத வட்டியும் சேரும். ஆனால் 2024-25 முதலான ஆண்டுகளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் 74ஏ பிரிவு வந்திருக்கிறது. மறைக்கும் எண்ணம் இல்லாத வழக்குகளில், நோட்டீஸ் வரும் முன்பே வரியையும் வட்டியையும் தானாகக் கட்டினால் அபராதம் இல்லை. நோட்டீஸ் வந்து 60 நாளுக்குள் கட்டினாலும் அபராதம் இல்லை. க்யூஆரைக் கழற்றுவதும், இன்னொரு பெயரில் வாங்குவதும் இந்த வசதியைக் கெடுத்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே அதைச் செய்ய வேண்டாம் என்கிறேன். ஏப்ரல் முதல் உள்ள ஏஜென்சி பில்களை மாதவாரியாகக் கட்டி எடுத்துக்கொண்டு ஒரு கணக்கரிடம் நேரில் உட்காருங்கள். இந்த இடைவெளிக் கணக்கை இழையில் எழுதி முடிக்க முடியாது.

ஓசூர்_முறுக்கு:
சார், நான் ஓசூரில் வீட்டில் முறுக்கு, தட்டுவடை போடுகிறேன். அத்திப்பள்ளியில் ஒரு கடை, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இரண்டு கடை எடுத்துக்கொள்கிறார்கள். மாதம் 50,000 ரூபாய்க்குத்தான் வியாபாரம். வருடத்துக்கு 6 லட்சம். எனக்கு 40 லட்சம் எங்கே, 20 லட்சம் எங்கே. நான் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்தானே?

காரிமங்கலம்_மளிகை:
6 லட்சத்துக்கு எல்லாம் ஒன்றும் இல்லை அக்கா.

தர்மபுரி_கணக்கர்:
அக்கா, ஓசூரில் இருப்பவர்கள் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் உங்களுடையது. ஜூஜூவாடியைத் தாண்டினால் வேறு மாநிலம். வரி உள்ள சரக்கை ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் வரம்பே கிடையாது. முதல் ரூபாயில் இருந்து பதிவு கட்டாயம். ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்வது இதுதான். சேவைக்கு இந்த விஷயத்தில் 20 லட்சம் வரை விலக்கு கொடுத்தார்கள், சரக்குக்குப் பொதுவாக இல்லை. முறுக்கு, தட்டுவடை பாக்கெட்டுக்கு 5 சதவீதம். வெளிமாநில விற்பனை இருப்பதால் காம்போசிஷனும் உங்களுக்குக் கிடையாது. சாதாரணப் பதிவுதான்.

‘அவர்களே வண்டியில் வந்து என் வீட்டில் எடுத்துப் போகிறார்கள்’ என்று சொல்வீர்கள். கடைக்காரர் எடுத்துப் போனாலும் சரக்கு போய்ச் சேரும் இடம் கர்நாடகா என்றால் அது வெளிமாநில விற்பனைதான். யார் வண்டி என்பது கணக்கில்லை.

வீட்டு வாசலுக்கு வந்து அரைக் கிலோ வாங்கிப் போகும் ஆள் வேறு. அவர் பெங்களூர்க்காரராகவே இருந்தாலும், பதிவில்லாத வாடிக்கையாளருக்கு முகவரி எழுதாமல் கொடுக்கும் சில்லறை பில் தமிழ்நாட்டு விற்பனையாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதே பில்லில் அவருடைய கர்நாடக முகவரியை எழுதினால் நிலைமை மாறும். 2023 அக்டோபர் முதல் அப்படி ஒரு திருத்தம் இருக்கிறது. ஓசூரில் மிக்சி, மெத்தை விற்கும் சிறு கடைக்காரர்களும் இதைக் கவனியுங்கள்.

ஓசூர்_முறுக்கு:
அப்படியென்றால் அந்த மூன்று கடையை விட்டுவிட வேண்டியதுதானா? எனக்கு முக்கால்வாசி வியாபாரமே அதுதான் சார்.

தர்மபுரி_கணக்கர்:
எதற்கு விட வேண்டும்? பதிவு எடுங்கள். கட்டணம் எதுவும் இல்லை, அரசுக்கு ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். பான், ஆதார், போட்டோ, வங்கிக் கணக்கு விவரம், சொந்த வீடு என்றால் வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது. வீடு கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தால் அவர்களிடம் ஒரு சம்மதக் கடிதம். பதிவு உள்ள கடைகளுக்கு நீங்கள் விற்பதில் மாத வரி இரண்டரை லட்சத்தைத் தாண்டாது என்பதால், 2025 நவம்பரில் வந்த எளிய முறையில் விண்ணப்பித்து ஆதார் சரிபார்ப்பை முடித்தால் மூன்று வேலை நாளில் எண் கிடைக்கும்.

பில்லில் 5 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி, போடுங்கள். அந்தக் கடைக்காரர் பதிவு உள்ளவர் என்றால் அதை அவர் திரும்ப எடுத்துக்கொள்வார், உங்களோடு விலைச் சண்டை வராது. உண்மையில் பில் கொடுக்கும் ஆளிடம்தான் பெரிய கடைகள் சரக்கு எடுக்க விரும்பும். எண்ணெய்க்கும் பாக்கெட் கவருக்கும் நீங்கள் கட்டும் வரியை இதில் கழித்துக்கொள்ளலாம், ஏஜென்சியிடம் உங்கள் எண்ணைப் போட்டு பில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து கோடிக்குள் விற்பனை இருப்பவர்கள் ரிட்டர்னை, அதாவது விற்பனை, வரிக் கணக்கு அறிக்கையை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். வரியை மட்டும் முதல் இரண்டு மாதங்களுக்கு அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒரு மாதம் உடம்பு முடியாமல் முறுக்கே போடவில்லை என்றாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். விட்டால் விற்பனை இல்லாத ரிட்டர்னுக்கு நாளைக்கு 20 ரூபாய், விற்பனை உள்ளதற்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். என்னிடம் வருகிறவர்களில் வரியால் நொந்தவர்களைவிட இந்தத் தாமதக் கட்டணத்தால் நொந்தவர்கள்தான் அதிகம்.

பாலக்கோடு_தக்காளி:
எங்களுக்கும் ஒரு சந்தேகம். சொந்தத் தோட்டத்துத் தக்காளியை ராயக்கோட்டை மண்டிக்கும், விலை நன்றாக இருந்தால் பெங்களூருக்கும் அனுப்புகிறோம். அதுவும் மாநிலம் தாண்டுகிறதே. பணம் எல்லாம் போனில்தான் வருகிறது.

தர்மபுரி_கணக்கர்:
சொந்த நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்குப் பதிவே தேவையில்லை. அதோடு தக்காளி வரிவிலக்குப் பொருள், மாநிலம் தாண்டினாலும் பரவாயில்லை. தோட்டத்து வருமானத்துக்கு வருமான வரியும் இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி விற்கிறீர்கள் என்றால் அந்த லாபம் மட்டும் வியாபார வருமானம், அதைத் தனியாக எழுதி வையுங்கள். இரண்டு பணமும் ஒரே கணக்கில் கலந்தால் பின்னால் பிரித்துக் காட்டுவது கஷ்டம்.

பர்கூர்_ஜவுளி:
ராயக்கோட்டை அண்ணா வாடகைக் கடை என்கிறார். என் அனுபவத்தில் ஜிஎஸ்டியைவிட இதுதான் தலைவலி. பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள், கட்டிட உரிமையாளர் கொடுக்க யோசிப்பார். ‘என் வாடகை எல்லாம் கணக்கில் வந்துவிடும், எனக்கு எதற்கு வம்பு’ என்பார். எங்கள் உரிமையாளர் கடைசிவரை இழுத்தடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இன்னொன்று, 2024 அக்டோபரில் இருந்து பதிவில்லாத உரிமையாளருக்குக் கொடுக்கும் கடை வாடகைக்கு நான் 18 சதவீதம் கட்டுகிறேன். கட்டிவிட்டுத் திரும்ப எடுக்கிறேன் என்றாலும் முதலில் கையில் பணம் வேண்டுமே. ராயக்கோட்டை அண்ணாவுக்கும் அது வருமா?

தர்மபுரி_கணக்கர்:
நல்ல கேள்வி. காம்போசிஷனில் இருப்பவர்களை அந்த வாடகை வரியில் இருந்து 2025 ஜனவரியில் விலக்கிவிட்டார்கள். ஆகவே ராயக்கோட்டை அண்ணாவுக்கு வராது. உங்களுக்குச் சாதாரணப் பதிவு என்பதால் வருகிறது.

உரிமையாளரிடம் பேசும்போது இதையே சொல்லுங்கள் அண்ணா. உங்கள் பதிவால் அவருக்கு ஜிஎஸ்டி எதுவும் வராது. அவருடைய எல்லா வாடகையும் சேர்ந்து ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் அவர் தனியாகப் பதிவு எடுக்க வேண்டிவரும். ஒப்பந்தம் எழுத்தில் இருப்பது அவருக்கும் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டமே ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. கோபமாகப் பேசாமல், வீட்டில் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பேசினால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

காரிமங்கலம்_மளிகை:
ஒரு சந்தேகம் கணக்கர் சார். பதிவு எடுத்தால் வருமான வரியும் பின்னாலேயே வந்து நிற்குமே. அதற்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் ஒதுங்குகிறார்கள்.

தர்மபுரி_கணக்கர்:
ராயக்கோட்டை அண்ணா கணக்கிலேயே போட்டுக் காட்டுகிறேன். 2025-26-க்கு விற்பனை 42 லட்சம் என்று வையுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில் கணக்குப் புத்தகம் பராமரிக்காமலே லாபத்தைக் குத்துமதிப்பாகக் காட்டலாம்: போனில், வங்கியில் வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். போனில் 28 லட்சம் என்றால் 1,68,000. ரொக்கம் 14 லட்சத்துக்கு 1,12,000. மொத்தம் 2,80,000. புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை, தள்ளுபடி சேர்ந்து இந்த மாதிரி வருமானத்துக்கு 12 லட்சம் வரை கட்ட வேண்டியது எதுவும் வராது. உண்மையான லாபம் இந்தச் சதவீதத்தைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

க்யூஆரில் வந்த பணத்துக்கு 6, ரொக்கத்துக்கு 8 என்பதையும் பாருங்கள். அட்டையைக் கழற்றினால் இங்கே லாபம் கூடுதலாகக் காட்ட வேண்டிவரும். நான் எல்லாச் சின்னக் கடைக்காரர்களிடமும் வருமான வரி ரிட்டர்ன் போடச் சொல்வேன். முத்ராவோ வேறு கடனோ கேட்டுப் போனால் வங்கியில் முதலில் கேட்பது அதைத்தான்.

பர்கூர்_ஜவுளி:
ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் பேச்சு பரவியபோது எங்கள் பக்கம் ஒரு கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் முத்திரையோடு ஒரு ‘நோட்டீஸ்’ வந்தது. உடனே 15,000 அனுப்பினால் கோப்பை மூடிவிடுவதாக ஒருவர் போனில் பேசியிருக்கிறார். நல்லவேளை, அவர் பணம் அனுப்பும் முன் மகனிடம் கேட்டார்.

தர்மபுரி_கணக்கர்:
எந்த அதிகாரியும் தன் போன் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். மத்திய அலுவலகக் கடிதத்தில் ஆவண அடையாள எண் இருக்கும், மாநில அலுவலகக் கடிதத்தில் குறிப்பு எண் இருக்கும். அதை இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் கடிதத்தோடு வணிகவரி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். வரி கட்டுவது ஜிஎஸ்டி போர்ட்டலில் சலான் போட்டு மட்டும்தான்.

ராயக்கோட்டை_கடை:
எல்லோருக்கும் நன்றி. உரிமையாளரிடம் நேற்று மாலை பெரியப்பாவோடு போய்ப் பேசினேன். வாடகை வரி அவருக்கு வராது என்றதும் ஒப்பந்தம் போட ஒத்துக்கொண்டார். ஏஜென்சிக்காரர்களிடம் ஏப்ரல் முதல் பில் நகல் கேட்டிருக்கிறேன், பால் ஏஜென்ட் மட்டும் நோட்டில்தான் எழுதி வைத்திருக்கிறார். அது போதுமா? அப்புறம், கடை போர்டில் ஏதோ எழுத வேண்டும் என்றார்களே, அது என்ன?

தர்மபுரி_கணக்கர்:
பாலுக்கு அந்த நோட்டின் பக்கங்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். நீங்கள் அவருக்குப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தோடு அது ஒத்துப்போனால் போதும். இன்று முதல் தினமும் கடை மூடும்போது ஒரு நோட்டில் நான்கு எண் எழுதுங்கள்: பால், பீடி சிகரெட், மற்றது, இதில் போனில் வந்தது எவ்வளவு. சீட்டு, தம்பி பணம் எல்லாம் வேறு வங்கிக் கணக்குக்கு மாறட்டும்.

போர்டில் நீங்கள் இணக்க வரித் திட்டத்தில் வரி செலுத்துபவர் என்பது தெரிய வேண்டும். கொடுக்கும் பில்லின் மேலேயும் அதோடு, வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகமும் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கல்லா பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். விண்ணப்பத்திலேயே காம்போசிஷன் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள், விட்டுவிட்டால் அடுத்த நிதியாண்டு தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு அலுவலகம் விளக்கம் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும். மெயிலைத் தினமும் பாருங்கள், கேள்வி வந்தால் இங்கேயே போடுங்கள்.

ஓசூர்_முறுக்கு:
நானும் திங்கட்கிழமை விண்ணப்பம் போடுகிறேன் சார். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, சம்மதக் கடிதத்தை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதினால் போதுமா, நோட்டரி கையெழுத்தும் வேண்டுமா?

தர்மபுரி_கணக்கர்:
வெள்ளைத்தாளில் மாமியார் கையெழுத்தோடு இருந்தாலே சட்டப்படி போதும். சில அலுவலகங்களில் திருப்பிக் கேட்கிறார்கள் என்பதால் முத்திரைத்தாளிலேயே எழுதி, அவருடைய ஆதார் நகலையும் வீட்டு வரி ரசீதையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள் அக்கா.